கல்லில் நின்ற உறவுகள்: செம்பியன் மாதேவியின் குடும்பமும் கோயில்களும்

செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டுச் சோழ அரசி. முதலாம் பராந்தகனின் மகன் கண்டராதித்தனை மணந்தவர். உத்தம சோழனைப் பெற்றவர். முதலாம் இராஜராஜனுக்குப் பாட்டி முறை. கணவன் அரியணையில் இருந்த காலம் ஏறத்தாழ 7 ஆண்டுகள். அவன் மறைவுக்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் கைம்பெண்ணாக வாழ்ந்தார். அவர் பெயர் சொல்லும் கற்றளிகள் (கருங்கல் கோயில்கள்) பெரும்பாலும் அந்த நீண்ட காலத்தைச் சேர்ந்தவை.

தமிழ் வாசகருக்கு அவர் முதலில் அறிமுகமாவது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வழியாக. வெண்ணிற ஆடை, திருநீறு, சிவநாமம், தன் மகன் அரசாளக் கூடாது என்ற உறுதி ஆகியவற்றால் கல்கி வரைந்த சித்திரம் 2022, 2023 ஆண்டுகளில் வந்த திரைப்படங்களால் மேலும் பரவியது. கலை வரலாற்று நூல்களில் இருப்பவர் வேறொருவர். எஸ். ஆர். பாலசுப்பிரமணியமும் டக்ளஸ் பாரெட்டும் 1970களில் எழுதிய நூல்களில் அவர் ஒரு கட்டடப் பாணிக்கே உரியவராக நிற்கிறார். ஒரு சித்திரத்தில் குடும்பத்தை விட்டு விலகிய துறவி, மற்றொன்றில் குடும்பமே தெரியாத புரவலர். இரண்டுக்கும் இடையில் ஒரு கேள்வி எஞ்சுகிறது: கணவனை இழந்த, மகன் உடனே அரியணை ஏறாத ஓர் அரசிக்கு அரசகுலத்தில் இடம் எதனால் நிலைத்தது? கல்வெட்டுகளை ஆண்டு வரிசையில் வைத்துப் படித்தால், அவருடைய பக்தியையும் அவருடைய கிளையின் உரிமையையும் தனித்தனியே பிரிக்க முடியாது என்பது தெளிவாகிறது.

1. பெயரும் அடையாளமும்

‘செம்பியன் மாதேவி’ என்பது சோழப் பேரரசி என்னும் பட்டப்பெயர். சோழ குலத்தில் வேறு அரசியரும் அதைத் தாங்கியிருக்கிறார்கள். ஆகவே பெயரை மட்டும் வைத்து ஒரு கல்வெட்டை இவருக்கு உரியதாக்க இயலாது. ஆய்வாளருக்குக் கைகொடுப்பது பெயரோடு ஒட்டி வரும் உறவுத்தொடர். மழவரையர் மகளார், கண்டராதித்த தேவரின் தேவியார், உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த உடையபிராட்டியார் என்னும் மூன்று உறவுகளில் ஒன்றோ பலவோ அவர் கல்வெட்டுகளில் வருகின்றன. இவரை அடையாளம் காட்டுவது தந்தை, கணவன், மகன் என்னும் மூவரே.

இதைப் பெண்ணைச் சிறுமைப்படுத்தும் மரபு என்று மட்டும் கொள்வது போதாது. சோழர் காலத்து ஆண்களும் ஊர், தந்தை, பதவி ஆகியவற்றால் குறிக்கப்பட்டார்கள். கவனிக்க வேண்டியது, இவருடைய தொடரில் தாய்மைக்குக் கிடைக்கும் அழுத்தம். ஆளும் அரசனைப் பெற்றவர் என்று கொடைகளில் கல்லில் பதியும்போது, அந்த மகனின் பிறப்புரிமையும் சேர்ந்தே பதிவாகிறது. அரியணை ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்கு மாறி மாறிச் சென்ற காலத்தில் அதன் பொருள் ஊரறிந்ததாக இருந்திருக்கும்.

2. மழநாட்டு மகள், சோழர் வீட்டு மருமகள்

மழநாடு காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் வடக்கே, இன்றைய திருச்சி, அரியலூர் மாவட்டப் பகுதிகளில் பரவியிருந்தது. அதன் தலைவர்கள் மழவரையர் எனப்பட்டனர். சோழர்கள் தஞ்சையிலிருந்து வடக்கே தொண்டைநாடு நோக்கி விரிந்தபோது இடையில் இருந்த மழவர், இருங்கோவேளிர், பழுவேட்டரையர், மலையமான் போன்ற குடிகளை வாளால் மட்டும் வசப்படுத்தவில்லை; பெண் கொண்டும் கொடுத்தும் உறவாக்கினர். பராந்தகனே பழுவேட்டரையர் மகளை மணந்தவன் என்றும், அவள் பெற்ற அரிஞ்சயன் வைதும்ப குலத்துக் கல்யாணியை மணந்து சுந்தர சோழனைப் பெற்றான் என்றும் அன்பில் செப்பேடு சொல்கிறது. கண்டராதித்தன் மழவர் மகளைக் கொண்டதும் இந்த வலையில் ஒரு முடிச்சு.

கண்டராதித்தனுக்கு வீரநாரணி என்ற தேவியும் இருந்தார். அரசுரிமை பெற்ற மகனைப் பெற்றவர் செம்பியன் மாதேவி. பராந்தகனின் 34ஆம் ஆட்சியாண்டான 941இல், திருச்சியை அடுத்த உய்யக்கொண்டான் திருமலைக் கல்வெட்டொன்றில் இப்பெயர் முதலில் வருகிறது. அதையும் இவருடையதாகக் கொண்டால் அவருடைய பொதுவாழ்வு அறுபது ஆண்டுகளைத் தொடுகிறது; பராந்தகன் முதல் இராஜராஜன் வரை ஆறு அரசர்களை அவர் கண்டிருக்கிறார்.

கணவன் கண்டராதித்தன் கவிஞன். தில்லையைப் பாடிய அவனது திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றிருக்கிறது. அதில் தந்தை பராந்தகன் தில்லையம்பலத்துக்குப் பொன் வேய்ந்ததை அவன் நினைவுகூர்கிறான். தன்னைக் கோழி வேந்தன், தஞ்சையர் கோன் என்று சொல்லிக்கொள்கிறான். ஆடவல்லான் மீது இந்தக் குடும்பத்துக்கு இருந்த ஈடுபாட்டை இப்பதிகமே காட்டுகிறது. பின்னாளில் மனைவி எழுப்பிய கோயில்களின் தென்சுவர்களில் கூத்தப்பெருமான் இடம்பெற்றதற்கும் இது பின்புலம்.

3. கைமாறிய அரியணை

949இல் தக்கோலப் போரில் பட்டத்து இளவரசன் இராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் தொண்டைநாட்டைக் கைப்பற்றினான். அடுத்த மகனான கண்டராதித்தன் பட்டத்துக்கு வந்தது இந்தச் சரிவின் நடுவில். 957 வாக்கில் அவன் மறைந்தபோது மகன் மதுராந்தகன் (பின்னாளைய உத்தம சோழன்) சிறுவன். அரியணை கண்டராதித்தனின் தம்பி அரிஞ்சயனுக்குச் சென்றது. சிறிது காலத்தில் அரிஞ்சயன் மகன் சுந்தர சோழனுக்கு. குலத்தின் மூத்த கிளை இளைய கிளைக்கு வழிவிட்டது.

இதற்குக் கண்டராதித்தனின் சிவபக்தியைக் காரணம் காட்டுவது வழக்கம். அரசாட்சியில் பற்றற்றவன் என்றும் எழுதுவார்கள். அதைவிட எளிய காரணம் கண்முன்னே இருக்கிறது. வடக்கு எல்லை பறிபோன நாட்டுக்குப் போர்க்களம் செல்லத்தக்க அரசன் தேவைப்பட்டான். பச்சிளம் பிள்ளையால் அது ஆகாது. தகுதி வந்தபின் உரிமை திரும்பும் என்ற எதிர்பார்ப்பு குலத்துக்குள் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுந்தர சோழனுக்குப் பின், அவனுடைய மகன் அருண்மொழி (பின்னாளைய முதலாம் இராஜராஜன்) இருக்கும்போதே, 970களின் தொடக்கத்தில் உத்தம சோழன் அரியணை ஏறியதை விளக்குவது கடினம்.

இத்தகைய இழுபறி சோழருக்கு மட்டும் உரியதல்ல. அதே நூற்றாண்டில் ஐபீரியத் தீபகற்பத்தின் வடக்கே, பம்ப்லோனா அரசி தோதா ஏறத்தாழ இதே நிலையில் இருந்தாள். கணவன் முதலாம் சாஞ்சோ 925இல் இறந்தபோது மகன் கார்சியா சிறுவன். கணவனின் தம்பி ஹிமேனோ 931 வரை ஆண்டான். அதன்பின் மகனின் பட்டத்தை உறுதிசெய்ய, 934இல் கொர்தோபாவின் கலீபா மூன்றாம் அப்துர் ரகுமானிடம் அவள் ஆதரவு பெற்றாள். கலீபா அவளுக்கு மருமகன் முறை. அவளுடைய தாய் முன்னர் கொர்தோபா அரண்மனையில் வாழ்க்கைப்பட்டவள். 958இல் உடல்பருமனால் அரியணை இழந்த பேரன் சாஞ்சோவை மருத்துவத்துக்காகக் கொர்தோபாவுக்கே அழைத்துச் சென்றாள். தோதாவின் நகர்வுகள் வரலாற்று நூல்களில் பதிவானவை. சோழநாட்டில் அப்படிப்பட்ட நாட்குறிப்பு வரலாறு எழுதப்படவில்லை. இருப்பவை கோயில் சுவர்களும் செப்பேடுகளும். செம்பியன் மாதேவி யாரிடம் தூது அனுப்பினார், யாருடன் பேசினார் என்பவை சுவரில் எழுதும் செய்திகள் அல்ல. அவர் அரசியலில் ஈடுபடவில்லை என்ற பொதுக்கருத்து உருவானதற்குச் சான்றுகளின் இந்தத் தன்மையே பெரும் காரணம்.

ஒரே கைம்மை நிலையில் இரு சோழ அரசியரின் முடிவு வேறுபட்டதையும் இங்கே சொல்ல வேண்டும். காஞ்சிப் பொன்மாளிகையில் சுந்தர சோழன் இறந்தபோது, மலையமான் குலத்தில் பிறந்த அவன் தேவி வானவன் மாதேவி உடன்கட்டை ஏறினாள். திருக்கோவலூர்க் கல்வெட்டும் திருவாலங்காட்டுச் செப்பேடும் அதைப் போற்றிப் பேசுகின்றன. ஒரே அரண்மனையில், ஏறத்தாழ ஒரே தலைமுறையில், ஒருத்தி தீயில் இறங்கியதற்கும் மற்றவர் வாழ்ந்ததற்கும் சம அளவு மதிப்பு கிடைத்திருக்கிறது. உடன்கட்டை சோழ அரசியருக்குக் கட்டாய வழக்கமாக இருந்ததில்லை என்பதற்குச் செம்பியன் மாதேவியின் வாழ்வே வலுவான சான்று. சிறுவனாக இருந்த மகனுக்காக அவர் உயிர் தரித்திருந்தார் என்பது பொருந்தும் ஊகம்.

4. கற்றளிகளின் காலம்

செம்பியன் மாதேவியின் பெயரோடு இணையும் கோயில்கள் பல: திருநல்லம் எனப்பட்ட கோனேரிராஜபுரம், ஆடுதுறை, குத்தாலம், திருக்கோடிகாவல், ஆனாங்கூர், திருமணஞ்சேரி, திருவாரூர் அரநெறி, திருமுதுகுன்றம் எனப்பட்ட விருத்தாசலம், நாகப்பட்டினத்தை அடுத்து அவர் பெயரிலேயே அமைந்த செம்பியன்மாதேவி ஊர், திருவக்கரை. இவற்றில் பல தேவாரம் பாடப்பெற்ற தலங்கள். செங்கல்லால் இருந்தவற்றை அவர் கருங்கல்லாக்கினார்.

திருக்கோடிகாவலில் இந்த மாற்றத்தோடு வேறொரு வேலையும் நடந்தது. பழைய கோயிலில் சிதறிக் கிடந்த கற்களில் பல்லவர் காலம் முதலான கொடைச் சாசனங்கள் இருந்தன. கற்றளி எழுந்தபோது அவை புதிய சுவர்களில் படியெடுத்து வெட்டப்பட்டன. முன்னோரும் பிறரும் செய்த அறம் அழியாமல் காத்த இந்தச் செயல் போற்றத்தக்கது. ஆவணத்தின் அருமை அறிந்த நிர்வாகம் ஒன்று அவருக்குப் பின்னால் இயங்கியது என்பதும் இதிலிருந்து புலனாகிறது.

கோயில்களைக் கால வரிசையில் வைத்தால் முக்கியமான செய்தி கிடைக்கிறது. சுந்தர சோழன் ஆட்சியில் அரசி இருந்தார், சிவபக்தி இருந்தது. ஆனால் பெருங்கற்றளிகள் இல்லை. அவை தொடர்ச்சியாக எழத் தொடங்குவது உத்தம சோழன் பட்டத்துக்கு வந்த பிறகு. திருநல்லம் அவன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளைச் சார்ந்தது. விருத்தாசலத் திருப்பணி 980களின் தொடக்கம். பக்தி மட்டுமே காரணமாக இருந்திருந்தால் வேலை கைம்மையின் முதல் ஆண்டுகளிலேயே தொடங்கியிருக்கும். கருவூலமும் கல் தச்சரும் அரச ஆணையும் கைக்கு எட்டியது மகன் ஆண்டபோது. அரசத் தாயின் கொடை மகனின் ஆட்சிக்குக் கிடைத்த மங்கலச் சான்றாகவும் அமைந்தது.

இந்தக் கோயில்களின் உருவ அமைப்பும் ஒரே திட்டத்தைப் பின்பற்றுகிறது. முற்காலச் சோழர் விமானங்களில் கருவறைச் சுவருக்குத் தெற்கில் தென்முகக்கடவுள், மேற்கில் இலிங்கோத்பவர், வடக்கில் பிரமன் என மூன்று மாடங்களே முதன்மை. இவருடைய கோயில்களில் அர்த்தமண்டபச் சுவர்களிலும் மாடங்கள் பெருகின. கணபதி, அகத்தியர், ஆடவல்லான், பிட்சாடனர், அர்த்தநாரி, துர்க்கை போன்ற உருவங்கள் அங்கே இடம்பெற்றன. ஆடவல்லானைச் சுவர் மாடத்தில் நிலைபெறச் செய்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு என்றும், அவ்வுருவம் சோழ குலத்தின் அடையாளமாக வளர்ந்தது என்றும் வித்யா தெஹேஜியா எழுதினார். பத்மா கைமல் இத்தகைய அரசகுல விளக்கத்தை அப்படியே ஏற்பதில்லை. இராஜராஜனுக்கு முந்தைய காவிரிக் கரைக் கோயில்களில் பெரும்பகுதி அரசர் கட்டியவை அல்ல. ஊராரும் குறுநிலத் தலைவரும் பெண்களும் எழுப்பியவை. ‘சோழர் கோயில்’ என்ற பெயரே அதை மறைக்கிறது என்பது அவர் வாதம். அந்த வாதம் பொதுவில் சரியானது. ஆனால் அதுவே செம்பியன் மாதேவியின் தனித்தன்மையை மேலும் துலக்குகிறது. அரசர்களே அதிகம் கட்டாத காலத்தில் அரச குடும்பத்திலிருந்து ஒருவர் தொடர்ந்து கட்டினார். அவர் அரசன் அல்ல, அரசனின் தாய்.

5. திருநல்லத்துச் சிற்பம்

கோனேரிராஜபுரத்து உமாமகேசுவரர் கோயிலின் சுவரில் சிறிய சிற்பக் காட்சி ஒன்று இருக்கிறது. கண்டராதித்தன் இலிங்கத்தை வணங்குகிறான். அருகே உள்ள கல்வெட்டு, செம்பியன் மாதேவி தம் கணவர் பெயரால் இக்கற்றளியை எடுப்பித்ததையும், வணங்கும் நிலையில் இருப்பவர் அக்கணவரே என்பதையும் சொல்கிறது. கோயிற்பணியை முன்னின்று முடித்த ஆலத்தூர்ச் சாத்தன் குணபத்தன் என்பவனையும் கல்வெட்டு மறக்கவில்லை. அவனுக்கு மூவேந்தவேளான் என்ற சிறப்புப் பட்டம் கிடைத்தது.

இந்தக் காட்சியின் பொருளை ஆண்டோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கண்டராதித்தன் மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இடையில் இரண்டு அரசர்கள் வந்து போனார்கள். போரில் நாடு பிடித்தவனாகவோ பெருங்கோயில் கட்டியவனாகவோ அவன் நினைவில் இல்லை. அப்படிப்பட்டவனின் பெயரையும் உருவத்தையும் மனைவி கல்லில் நிறுத்துகிறார். மகன் ஆளும் உரிமை அந்தத் தந்தை வழியாக வருவது. கணவன் மேல் கொண்ட அன்பு இதில் மெய்யானது. மகனின் வம்ச உரிமைக்கு அது ஆதாரமாகவும் நின்றது. ஒன்றை ஏற்று மற்றதை மறுப்பதற்கு அக்கல்வெட்டு இடம் தரவில்லை.

மனைவியின் பெயரும் நிலத்தில் பதிந்தது. அரியலூர் மாவட்டத்தில், திருமழபாடிக்கு அண்மையில் கண்டராதித்தம் என்னும் ஊரும் செம்பியன் மாதேவிப் பேரேரியும் உள்ளன. மழநாட்டுப் பெண்ணின் பிறந்தகப் பகுதியில் கணவன் பெயரில் ஊர், மனைவி பெயரில் ஏரி.

6. மருமகள்களும் பேரனும்

செம்பியன்மாதேவி ஊர்க் கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகள் அரண்மனைக்கு உள்ளே இருந்த உறவைக் காட்டுகின்றன. அரசியின் பிறந்தநாள் சித்திரை மாதக் கேட்டை. அந்நாளில் வழிபாடும் அன்னமிடலும் நடக்க உத்தம சோழனின் தேவியர் பலர் நிவந்தம் அளித்தனர். அவர்களில் மழவர், இருங்கோளர், விழுப்பரையர், பழுவேட்டரையர் குடிப் பெண்கள் இருந்தனர். மூத்த தேவியான சொரப்பையாரின் பெயர் கன்னடப் பகுதித் தொடர்பைச் சுட்டுகிறது. வெவ்வேறு குடிகளிலிருந்து வந்த இப்பெண்கள் ஒன்றுகூடும் இடமாக மாமியாரின் ஊர்க் கோயில் ஆனது. திருமண உறவுகளால் கட்டிய அரசில், அந்த உறவுகளை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சடங்கு இது. லெஸ்லி ஓர் சோழர்காலக் கோயில் பெண்களைப் பற்றிய ஆய்வில் காட்டியதுபோல், கொடை கொடுப்பது பெண்களுக்குப் பொதுவெளியில் பெயரும் நிலையும் தந்த வழி. இங்கே அது ஒரு குடும்பத்தின் உள்ளடுக்கையே நமக்குத் திறந்து காட்டுகிறது.

985இல் உத்தம சோழனுக்குப் பின் அரியணை அருண்மொழிக்கு, அதாவது முதலாம் இராஜராஜனுக்குச் சென்றது. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் அரசனாகவில்லை. இராஜராஜனின் அதிகாரியாகிக் கோயில் நிர்வாகங்களை விசாரித்துத் தவறிழைத்தோரைத் தண்டித்தான். பாட்டியின் திருப்பணிகளும் நிற்கவில்லை. இராஜராஜனின் 16ஆம் ஆட்சியாண்டான 1001இல் திருவக்கரைக் கற்றளியோடு அவர் பெயர் வருகிறது. மகனை இழந்து, அரியணை மறு கிளைக்குப் போன பின்னும் பதினாறு ஆண்டுகள் அதே நிலையில் கொடையாளராக அவர் தொடர்ந்தார்.

7. ஆதித்த கரிகாலன் கொலை

இந்தத் தொடர்ச்சி ஒரு பழைய வழக்குக்கும் சான்றாகிறது. சுந்தர சோழனின் மூத்த மகன் இரண்டாம் ஆதித்தன் (ஆதித்த கரிகாலன்) கொலையுண்டான். உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள, இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகிய துரோகிகளையும் அவர்தம் உறவினரின் சொத்துகள் பறிமுதலானதையும் பேசுகிறது. தண்டனை உத்தமன் காலத்தில் வராமல் இராஜராஜன் காலத்தில் வந்ததால், உத்தமனுக்குக் கொலையில் பங்குண்டு என்று கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி கருதினார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். திருவாலங்காட்டுச் செப்பேடு, சிற்றப்பன் ஆள விரும்பும்வரை தான் அரசு ஏற்பதில்லை என்று இராஜராஜன் விலகி நின்றதாகச் சொல்கிறது.

செப்பேடு இராஜராஜனின் மகன் இராஜேந்திரன் காலத்தில் எழுதப்பட்டது; வென்ற கிளையின் பெருந்தன்மையைப் பாராட்டுவது அதன் நோக்கம். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் தமையனைக் கொன்றவனின் தாயாக ஒருவரை நினைத்த அரசன், அவர் கொடைகளைப் பதினாறு ஆண்டுகள் தன் ஆட்சியாண்டின் பெயரால் பொறிக்க விட்டு, அவர் பேரனிடம் கோயில் விசாரணைப் பொறுப்பையும் ஒப்படைத்தான் என்பது எளிதில் பொருந்தவில்லை. இது உத்தமனை முழுவதும் விடுவிக்கும் சான்று ஆகாது. சாஸ்திரியின் கருத்தைக் கணிசமாகத் தளர்த்தும் சான்று. மகனின் அரசுரிமையைத் தாயே தடுத்தார் என்ற புதினக் கருத்துக்கோ கல்வெட்டில் எவ்வித ஆதரவும் இல்லை. உத்தமனைப் பெற்றவர் என்பதைப் பெருமையோடு பொறித்த அரசி அவர்.

8. படிமமும் வாஷிங்டன் செப்புத்திருமேனியும்

1019இல் முதலாம் இராஜேந்திரன், செம்பியன்மாதேவி ஊர்க் கோயிலில் அரசியின் படிமத்தை எழுந்தருளுவித்து வழிபாட்டுக்கு நிவந்தம் ஏற்படுத்தினான். கங்கைப் படையெடுப்புக்கு ஆயத்தமாகி வந்த அரசன், போட்டிக் கிளையின் மூதாட்டியைத் தன் குலத்தின் பொதுச் சொத்தாக ஏற்றுக்கொண்டான்.

வாஷிங்டன் ஃபிரீர் கலைக்கூடம் 1929இல் வாங்கிய, ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமுடைய செப்புத்திருமேனி ஒன்று இந்தக் குறிப்போடு இணைத்துப் பேசப்படுகிறது. உமையின் நிலையில், நீண்ட உடலும் மிகைப்படுத்திய தோளும் கொண்ட அவ்வுருவம் செம்பியன் மாதேவியின் உருவம் என்று தெஹேஜியா உள்ளிட்டோர் கருதினர். பார்வதியின் திருமேனியே அது என்போரும் உண்டு. பாணி பத்தாம் நூற்றாண்டின் இறுதிக்குப் பொருந்துகிறது. ஆனால் பாணி ஆளைச் சொல்லாது. அது எந்தக் கோயிலில், எந்தச் சந்நிதியில் இருந்தது என்பதே தீர்ப்பு சொல்ல வேண்டிய செய்தி. அச்செய்தி சிலை சந்தைக்குப் போனபோதே அறுந்துவிட்டது. சிங்கப்பூர் வாசகருக்கு இது அன்னியமான பிரச்சினை அல்ல. அங்குள்ள ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம் 2007இல் விலைக்கு வாங்கிய உமா பரமேசுவரி செப்புத்திருமேனி, அரியலூர் மாவட்டக் கோயில் ஒன்றிலிருந்து திருடப்பட்டது எனத் தெரிந்தபின் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. அதற்கு ஊர் தெரிந்தது. ஃபிரீர் திருமேனிக்குத் தெரியவில்லை. கல்வெட்டில் மூன்று உறவுகள் சொல்லி அடையாளம் காட்டப்பட்ட அரசியை, உறவும் ஊரும் இல்லாத ஒரு படிமத்தில் உறுதியாக அடையாளம் காண்பது இப்போதைய சான்றுகளால் இயலாது. 1019ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்லும் படிமம் அதுவே என்ற முடிவை ஊகமாக மட்டுமே ஏற்கலாம்.